மூன்று முனை விண்மீன்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கற்றறிந்த புலவர் பெருமக்கள் ஆண்டுதோறும் நின்று இலக்கியச் சுவை பகர்ந்த மேடை இது. பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, டாடாநகர் நிலையத்துச் சரக்கு அலுவலகத்தில் பதிவேடுகளோடு பொழுது போக்கும் என்னை இங்கே நிறுத்தி, "பென்ஸ் காரைப் பற்றிப் பேசுக" என்று பணித்துவிட்டனர். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் வாகனம் சைக்கிள். ஆயினும் இப்பணி என் தலையில் விழுந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு.

சென்ற பொங்கல் கூட்டத்திற்குப் பின் நம் இளைஞர் சிலர் கார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். அவருள் ஒருவர், "பென்ஸ் என்பது பணம் படைத்தோர் ஏறும் வண்டி. அதற்கும் நம்மைப் போன்றோர்க்கும் என்ன உறவு?" என்றார். பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர், டெல்கோவில் உழைத்து ஓய்வு பெற்றவர், தம் இரு கைகளையும் நீட்டிக் காட்டி, "தம்பி, அந்த விண்மீனை இந்தக் கைகளால் லாரியின் முகப்பில் பொருத்தியிருக்கிறேன்" என்றார். இளைஞர் நம்பவில்லை. பெரியவருக்கோ வருத்தம். அந்த விண்மீன் யாருடையது என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பைச் செயலாளர் என்னிடம் ஒப்படைத்தார். அகப்பட்ட நூல்களையெல்லாம் படித்து, விளங்கியதைக் கூறுகிறேன். குறையிருப்பின் பொறுத்தருள்க.

கதை ஒரு ரயில்வே குடும்பத்தில் தொடங்குகிறது. இதைக் கேட்டதும் அவையில் பாதிப்பேர் நிமிர்ந்து உட்காருவீர்கள் என்று எனக்குத் தெரியும்!

ஜெர்மனி ஒரே நாடாக ஒன்றுபடுவதற்கு முன், அதன் தென்மேற்கில் பாடன் என்றொரு சிறு நாடு இருந்தது. 1840-ஆம் ஆண்டில் அங்கே முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அந்நாட்டார் அண்டை நாடுகளைப் பின்பற்றாமல் தமக்கென 1,600 மில்லிமீட்டர் அகலத்தில் பாதை இட்டனர். எல்லைக்கு அப்பால் யாருடைய பாதையும் அதனோடு பொருந்தவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குள் எல்லாவற்றையும் பெயர்த்து மாற்ற நேர்ந்தது. மீட்டர் கேஜையும் அகலப் பாதையையும் வைத்துக்கொண்டு சரக்கை இறக்கி ஏற்றி அல்லற்பட்ட நம் முன்னோர்க்கு இதன் துன்பம் விளங்கும். நிற்க. அந்தப் பாடன் ரயில்வேயில் எஞ்சின் டிரைவராக இருந்தவர் யோஹான் கியோர்க் பென்ஸ். அக்காலத்து எஞ்சினில் டிரைவருக்குக் கூரை கிடையாது. மழையும் பனியும் நேரே மார்பில் விழும். 1846-இல் அவர் நுரையீரல் காய்ச்சலால் மாண்டார். அப்போது அவருடைய மகன் கார்லுக்கு வயது இரண்டுகூட நிறையவில்லை.

கணவனை இழந்த தாய் சொற்ப வருவாயில் மகனைப் படிக்க வைத்தார். மகன் அரசாங்க உத்தியோகஸ்தனாக வேண்டும் என்பது அவர் விருப்பம். தாய்மார்கள் எந்த நாட்டிலும் ஒன்றுபோலவே நினைக்கிறார்கள். மகனோ இயந்திரங்களையே நாடினான். கார்ல்ஸ்ருஹே நகரின் தொழிற்கல்லூரியில் தேறி, 1864-இல் வெளியேறி, அவ்வூரிலேயே ரயில் எஞ்சின் கட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தான். அங்கே சில காலமே இருந்தான். அவன் விலகிய சில ஆண்டுகளுக்குப் பின் அதே தொழிற்சாலைக்குத் தொழில்நுட்பத் தலைவராக வந்தவர் காட்லீப் டைம்லர். இவர் ரொட்டி சுடுபவரின் மகன். அவருடன் இணைபிரியாது உழைத்த வில்ஹெல்ம் மைபாக், பெற்றோரை இழந்து அறநிலையம் ஒன்றில் வளர்ந்தவர். பிற்காலத்தில் உலகப் பெருஞ்செல்வர்கள் தேடி வாங்கும் கார்களுக்கு இம்மூவர் பெயரும் வழங்கலாயின. பிறப்பால் மூவருள் ஒருவரும் செல்வர் அல்லர். இளைஞருக்கு என் முதல் விடை இதுவே.

1871-இல் கார்ல் பென்ஸ் மான்ஹைம் நகரில் ஒரு கூட்டாளியுடன் பட்டறை தொடங்கினார். கூட்டாளியோடு ஒத்துப்போகவில்லை. அவர் பங்கை வாங்கிக்கொள்ளக் கையில் பணமும் இல்லை. அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண் பெர்த்தா ரிங்கர். அவர் தம் பெற்றோர் தமக்கென ஒதுக்கியிருந்த சீதனத்தில் ஒரு பகுதியைத் திருமணத்திற்கு முன்னரே கேட்டு வாங்கி, அந்தப் பங்கை மீட்டுக் கொடுத்தார். 1872-இல் திருமணம் நடந்தது. அதன்பின் பல ஆண்டுகள் வறுமைதான். 1879-ஆம் ஆண்டின் கடைசி இரவில், பலநாள் முயன்றும் ஓடாதிருந்த எஞ்சின் முதன்முதலாக ஓடியபோது, பட்டறையில் இருந்தவர்கள் கணவனும் மனைவியுமே.

1886 ஜனவரி 29-ஆம் நாள், எரிவாயு எஞ்சினால் இயங்கும் வண்டிக்குப் பென்ஸ் காப்புரிமை கோரினார். அதன் எண் 37435. அவ்வண்டிக்குச் சக்கரம் மூன்று. முன்புறம் இரு சக்கரங்களை ஒருசேரத் திருப்பும் வகையை அவர் அப்போது காணவில்லை, 1893-இல்தான் கண்டார். எஞ்சினின் ஆற்றல் ஒரு குதிரைத் திறனுக்கும் குறைவு. வேகம் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர். மான்ஹைம் தெருக்களில் மக்கள் வேடிக்கை பார்த்தனர். வாங்க யாரும் முன்வரவில்லை.

அந்நிலையில் நடந்ததே 1888 ஆகஸ்ட் மாதத்துப் பயணம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒருநாள் விடியற்காலையில், கணவர் உறங்கிக்கொண்டிருக்கையில், பெர்த்தா தம் மூத்த பிள்ளைகள் ஆய்கன், ரிச்சர்ட் இருவரையும் எழுப்பி, வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போய், எஞ்சினை முடுக்கிப் புறப்பட்டார். போய்ச் சேர வேண்டிய இடம் அவருடைய தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைம். தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்குமுன் அவ்வண்டி ஊர் எல்லையைக் கடந்து நெடுந்தூரம் சென்றதே இல்லை. பாதையோ குதிரை வண்டிகளுக்கென அமைந்த மண்பாதை. வழிகாட்டிப் பலகை இல்லை. பெட்ரோல் நிலையம் உலகில் எங்கும் இல்லை. அக்கால எஞ்சின் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் லிக்ராயின் என்ற திரவத்தைக் குடிக்கும். துணியில் படிந்த கறை போக்க அதை மருந்துக் கடைகளில் சிறு புட்டிகளில் விற்பார்கள். வீஸ்லோக் என்னும் சிற்றூரின் மருந்துக் கடையில் இறங்கி, இருந்ததையெல்லாம் பெர்த்தா வாங்கினார். உலகின் முதல் பெட்ரோல் நிலையம் என்று அந்தக் கடையை இன்றும் சுட்டுகின்றனர்.

எரிபொருளை விடத் தண்ணீர்ச் செலவு அதிகம். எஞ்சின் சூட்டைத் தணிக்கும் நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். கிணறு கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி நிரப்ப வேண்டும். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்த நிலையங்களை நினைவுகொள்ளும் முதியோர்க்கு இது புதிதன்று. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது பெர்த்தா தம் தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்தித் தூய்மை செய்தார். மின்பொறிக் கம்பியின் உறை தேய்ந்து போனபோது தம் காலுறைப் பட்டியைக் கழற்றி அதைச் சுற்றிக் கட்டினார். சங்கிலி தளர்ந்தது, வழியில் ஒரு கொல்லரிடம் சரிசெய்தார். மேட்டில் வண்டி ஏறவில்லை; பிள்ளைகள் இறங்கித் தள்ளினர். பள்ளத்தில் மரக்கட்டைப் பிரேக் பிடிக்கவில்லை; செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு கட்டைகளின் மேல் தோல் தைக்கச் செய்தார். இன்று எல்லா வண்டிகளிலும் உள்ள பிரேக் பட்டைக்கு அதுவே மூதாதை. மாலையில் போர்ட்ஸ்ஹைம் சேர்ந்து, கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

சில நாள் கழித்து அதே வண்டியில் திரும்பி வந்தார். வந்தவர், மேடேற இன்னும் ஒரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார். பென்ஸ் அமைத்துக் கொடுத்தார். அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டமிடுபவர்க்கும் பாதையில் போய் வருபவர்க்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று, முப்பது வருடமாக எஞ்சினில் நின்ற நம் நண்பர் ஒருவர் இக்கதையைக் கேட்டுச் சொன்னார். நான் அலுவலகத்தில் உட்காருபவன். மறுமொழி சொல்லவில்லை.

அவ்வாண்டே மியூனிக் கண்காட்சியில் பென்ஸ் வண்டி தங்கப் பதக்கம் பெற்றது. 1894-இல் வெலோ என்ற சிறிய, மலிவான கார் வெளிவந்தது. ஒரே அமைப்பில் தொடர்ந்து பல வண்டிகள் செய்யும் முறை கார் உலகில் அதனோடு தொடங்கிற்று. ஏறத்தாழ 1,200 வண்டிகள் விற்றன. 1899-இல் பென்ஸ் கம்பெனி செய்த கார்கள் 572. இந்த எண்ணிக்கையே அன்று உலகில் முதலிடம்! பெர்த்தா அம்மையார் தொண்ணூற்றைந்து வயது வரை வாழ்ந்தார். 1944 மே மாதம், தொண்ணூற்றைந்தாம் பிறந்தநாளன்று, கணவர் பயின்ற கார்ல்ஸ்ருஹே கல்லூரி அவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்கிற்று. இரண்டு நாள் கழித்து அவர் காலமானார். சீதனம் கொடுத்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட பின் வந்த பட்டம் அது.

இனி டைம்லரிடம் வருவோம். ஸ்டட்கார்ட் நகரை அடுத்த கான்ஸ்டட்டில், தம் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில் டைம்லரும் மைபாக்கும் இரவும் பகலும் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தனர். கள்ள நாணயம் அடிக்கிறார்கள் என்று ஐயுற்ற தோட்டக்காரர் போலீசில் சொல்லிவிட்டார். போலீசார் வந்து பார்த்தபோது அங்கே கிடந்தவை எஞ்சின் உறுப்புகள். அவர்கள் செய்த எஞ்சின் சிறியது, வேகமாகச் சுழல்வது. டைம்லருக்குக் கார் ஒன்றே குறிக்கோள் அன்று. 1885-இல் அதை இருசக்கர வண்டியில் வைத்தார், 1886-இல் குதிரை வண்டியில் வைத்தார், படகில் வைத்தார், 1887-இல் தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டியிலும் வைத்தார், 1888-இல் அது ஒரு வான்கப்பலிலும் ஏறிற்று. நிலம், நீர், வானம் மூன்றிலும் தம் எஞ்சின் இயங்கவேண்டும் என்பது அவர் கனவு. விண்மீனின் மூன்று முனைகள் குறிப்பவை இவையே. முன்னொரு காலத்தில் மனைவிக்கு அனுப்பிய படத்தில் தம் வீட்டின் மேல் டைம்லர் ஒரு விண்மீன் வரைந்திருந்தார். அவர் 1900-இல் மறைந்த பின், மக்கள் அதை நினைவுகூர, 1909-இல் கம்பெனி அதைத் தன் சின்னமாகப் பதிவு செய்தது.

மெர்சிடிஸ் என்ற பெயர் வந்த வகை வேறு. எமில் யெல்லினெக் என்ற வணிகர் பிரெஞ்சு நாட்டு நீஸ் நகரில் செல்வர்களுக்கு டைம்லர் கார்களை விற்றுவந்தார். பந்தயத்திலும் ஓட்டினார். பழைய கார் உயரமும் கனமுமாக இருந்தது. அதனால் கவிழ்ந்து உயிர்ச்சேதமும் நேர்ந்தது. தாழ்ந்ததும் நீண்டதும் ஆற்றல் மிக்கதுமான வண்டி செய்து தருக, அதற்கு என் மகள் மெர்சிடிஸின் பெயரை இடுக, நானே பல வண்டிகளை வாங்கிக்கொள்கிறேன் என்றார். மைபாக் 35 குதிரைத் திறனுள்ள வண்டியைச் செய்தார். 1901-இல் நீஸ் பந்தயங்களில் அது வென்றது. வண்டி என்றால் குதிரை பூட்டாத குதிரை வண்டி என்றிருந்த நிலை மாறி, நாம் இன்று கார் என்று காணும் வடிவம் தோன்றியது அதனோடுதான். 1902-இல் அப்பெயர் பதிவாயிற்று. அப்பெண்ணுக்கு அப்போது வயது பதின்மூன்று. அவர் நாற்பதை எட்டாமலே 1929-இல் மறைந்தார். கார்ல் பென்ஸ் மறைந்ததும் அதே ஆண்டுதான்.

பென்ஸும் டைம்லரும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் இடைவெளியில் வாழ்ந்தும் நட்புக் கொண்டதில்லை. முதல் உலகப் போருக்குப் பின் நேர்ந்த பொருளாதார நெருக்கடியே இரு கம்பெனிகளையும் சேர்த்து வைத்தது. 1926 ஜூன் 28-இல் அவை ஒன்றாகி டைம்லர்-பென்ஸ் ஆயின. விண்மீனைச் சுற்றிப் பென்ஸின் வாகை மாலை பொருந்திற்று.

சரக்கு அலுவலகத்தான் என்ற முறையில் நான் இப்போது லாரிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கார்களைப் பற்றி எழுதுவோர் இதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். 1895-இல் பென்ஸ் வண்டி ஒன்று சீகன் அருகே பயணிகளை ஏற்றிச்செல்லும் பேருந்தாக ஓடிற்று. எஞ்சினால் ஓடிய முதல் பேருந்துத் தடம் அதுவே. பாதை கெட்டதால் விரைவில் நின்றும் போயிற்று. 1896-இல் டைம்லர் ஒன்றரை டன் சுமக்கும் லாரியைச் செய்தார். 1923-இல் பென்ஸ் கம்பெனி டீசல் எஞ்சின் பூட்டிய லாரியைக் கட்டிற்று. அதன் பயன் பெரிது. டீசல் எஞ்சினில் மின்பொறி இல்லை. காற்றை மிக அழுத்தினால் அது தானே சூடேறும், அச்சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். அதே வேலைக்கு எரிபொருள் குறைவாகச் செலவாகும். ஆனால் கப்பலிலும் ஆலையிலும் நின்ற பேரெஞ்சினைச் சாலைக்குக் கொண்டுவருவது எளிதாக இல்லை. 1936-இல் 260 டி என்ற காரிலும் டீசல் ஏறிற்று. அதை விரும்பி வாங்கியவர்கள் டாக்ஸிக்காரர்கள். அந்த மரபு நெடுநாள் நீடித்தது. 1976-ஆம் ஆண்டின் 240 டி கார் ஒன்றை டாக்ஸியாக ஓட்டிய கிரேக்க நாட்டவர் ஒருவர் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடிய அதனைக் கம்பெனியின் காட்சிசாலைக்கே கொடுத்துவிட்டார். நம் ரயில் எஞ்சின்களுக்கே அது பெருமை தரும் கணக்கு.

அன்பர்களே, இனிச் சொல்லப்போவது பெருமைக்குரியதன்று. எனினும் விட்டுவிட முடியாது. 1933-க்குப் பின் ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சி நடந்தது. ஹிட்லர் நின்று ஊர்வலம் வந்த பெரிய கார்கள் இக்கம்பெனியின் 770 வகையைச் சேர்ந்தவை. போர் விமானங்களுக்கும் இங்கிருந்தே எஞ்சின்கள் போயின. ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிட, உற்பத்தி குறையாதிருக்கப் பிற நாடுகளிலிருந்து மக்கள் பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டனர். போர்க் கைதிகளும் வதை முகாம்களின் கைதிகளும் அவ்வாறே வேலைக்கு நிறுத்தப்பட்டனர். 1944-இல் கம்பெனியில் உழைத்தவர்கள் 63,610 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தகையோர். கம்பெனி நெடுங்காலம் இதுபற்றி வாய் திறக்கவில்லை. 1988-இல் இரண்டு கோடி மார்க் நிதி கொடுத்தது. 2000-ஆம் ஆண்டு அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து ஏற்படுத்திய இழப்பீட்டு நிதியிலும் பங்கு கொண்டது. உழைத்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் இறந்துவிட்டனர். அவர்கள் பெயர் எந்த வண்டியின் முகப்பிலும் இல்லை. தொழிற்சாலை ஊரில் பிழைக்க வந்து, கூலிக்கு உழைத்து, கூலியைக் கையில் எண்ணி வாங்கிய குடும்பங்கள் நாம். கூலியும் இன்றி, திரும்பிப் போகும் உரிமையும் இன்றி உழைத்தவர்களை நாம் அறிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

குண்டுவீச்சில் தொழிற்சாலைகள் இடிந்தன. 1946-இல் பழைய 170 வி வண்டியையே ஆம்புலன்சாகவும் சரக்கு வண்டியாகவும் கட்டி மீண்டும் தொடங்கினர். அக்காலத்துப் பிறந்த வண்டிகளில் என் மனத்தைக் கவர்ந்தது யூனிமாக். பஞ்சகாலத்து உழவருக்கென எண்ணிய வண்டி அது. இரு சக்கரங்களுக்கு இடையே 1,270 மில்லிமீட்டர். உருளைக்கிழங்குப் பாத்தியில் இரண்டு வரிசைக்கு உரிய அகலம் அது. உழும், சுமக்கும், மேடேறும். 1951 முதல் விண்மீன் கம்பெனியே அதைச் செய்யலாயிற்று. பின்னாளில் அதன் அடியில் இருப்புச் சக்கரம் பொருத்தித் தண்டவாளத்தில் வேகன்களை இழுக்கவும் வைத்தனர். ஷண்டிங் செய்யும் லாரி!

செல்வர்க்கான கார்களும் உடன் வளர்ந்தன. 1954-இல் இறக்கை போல் கதவு மேலே திறக்கும் 300 எஸ்.எல். உலகை மயக்கிற்று. மறு ஆண்டே பிரான்சின் லெ மான் பந்தயத்தில் இக்கம்பெனியின் கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டின் முடிவில் கம்பெனி பந்தயக் களத்தை விட்டு விலகி, நெடுங்காலம் திரும்பவில்லை.

வேகத்தைவிடப் பாதுகாப்பில்தான் இவர்கள் செய்தது பெரிது என்பது என் எண்ணம். பேலா பாரெனி என்ற பொறியாளர், கார் எவ்வளவு உறுதியாக இருந்தால் அவ்வளவு நல்லது என்று எல்லோரும் நம்பிய காலத்தில், அது தவறு என்றார். உறுதியான பெட்டி மோதினால் மோதலின் வேகம் முழுதும் உள்ளிருப்பவர் உடலில் இறங்கும். ஆதலால் முன்னும் பின்னும் நசுங்கட்டும், நடுவில் ஆள் இருக்கும் அறை மட்டும் நசுங்காதிருக்கட்டும் என்று அமைத்தார். 1951-இல் அதற்குக் காப்புரிமை கோரினார். 1959-இல் அவ்வாறு அமைந்த கார் விற்பனைக்கு வந்தது. இன்று எல்லாக் கம்பெனிக் கார்களும் இம்முறையில் கட்டப்படுகின்றன. 1978-இல் பாஷ் கம்பெனியோடு கூடி, சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காத பிரேக்கை எஸ் வகைக் காரில் வைத்தனர். 1981-இல் காற்றுப்பையும் வந்தது.

தவறும் நேர்ந்தது. 1997-இல் ஏ வகை என்ற சிறிய காரை வெளியிட்டனர். ஸ்வீடன் நாட்டில் காட்டுமான் குறுக்கே வந்தால் சட்டென ஒடித்துத் திருப்புவதுபோல ஒரு சோதனை செய்வார்கள். அதில் பத்திரிகையாளர் ஓட்டிய புதுக் கார் கவிழ்ந்துவிட்டது. முதலில் தயங்கிய கம்பெனி, பின்னர் விற்பனையை நிறுத்தி, சறுக்கலைத் தானே உணர்ந்து திருத்தும் கருவியை எல்லா ஏ கார்களிலும் பொருத்திக் கொடுத்தது.

எழுத்துக்களைப் பற்றி இளைஞர்கள் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ சிறியது, சி நடுத்தரம், ஈ அதனினும் பெரிது, எஸ் உயர்ந்தது. ஜி.எல். என்று தொடங்குபவை உயரமான கார்கள், ஈ.க்யூ. என்றால் மின்சாரம். தனி ஜி என்பது 1979 முதல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் கட்டப்படும் பெட்டி போன்ற முரட்டு வண்டி. அது அழகு என்று சிலர் சொல்லுகிறார்கள், எனக்குப் பார்சல் வேன் போலத் தோன்றுகிறது. 1995-இல் வந்த ஸ்பிரிண்டர் வேன் ஆம்புலன்சாகவும் அஞ்சல் வண்டியாகவும் பல நாடுகளில் ஓடுகிறது. 2030-க்குள் எல்லாம் மின்சாரமாக ஆயத்தம் என்று 2021-இல் அறிவித்தவர்கள், 2024-இல் அதைத் தளர்த்திக்கொண்டனர். 1998 முதல் 2007 வரை அமெரிக்கக் கிரைஸ்லரோடு கூடி வாழ்ந்து பிரிந்ததும், 2021-இல் லாரித் தொழில் தனிக் கம்பெனியாகப் பிரிந்ததும், 2022-இல் கார்க் கம்பெனி மெர்சிடிஸ்-பென்ஸ் என்றே பெயர் மாற்றிக்கொண்டதும் வரவு செலவுக்காரர்களின் செய்திகள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

1945-இல் ரயில்வேயின் கையிலிருந்த சிங்பூம் பட்டறையை டாட்டா குழுமத்தார் ஏற்று, டாட்டா லோகோமோட்டிவ் அண்டு எஞ்சினியரிங் கம்பெனி என்று நிறுவினர். டெல்கோ என்ற பெயரில் உள்ள 'எல்' ரயில் எஞ்சின் என்பதை நம் பிள்ளைகளில் பலர் அறியார். நம் ரயில்களுக்கு நீராவி எஞ்சின்கள் இங்கே கட்டப்பட்டன. 1954-இல் டெல்கோ டைம்லர்-பென்ஸோடு பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் செய்து, ஜம்ஷெட்பூரில் லாரிகள் கட்டத் தொடங்கிற்று. ஒருபுறம் ரயில் எஞ்சின், மறுபுறம் லாரி, ஒரே மதிலுக்குள்! அந்த லாரிகளின் முகப்பில் டாட்டா என்ற பெயரோடு மூன்று முனை விண்மீன் பொறித்திருந்தது. நம் தமிழ்நாட்டுச் சாலைகளிலும் அவற்றைப் பென்ஸ் லாரி என்றே அழைத்தனர். இந்தியாவில் மிகுதியான மக்கள் அந்த விண்மீனை முதலில் கண்டது நெல் மூட்டையும் செங்கல்லும் ஏற்றிய வண்டியில்தான். 1969-இல் ஒப்பந்தம் முடிந்தது. விண்மீன் இறங்கிற்று, டாட்டாவின் சொந்த எழுத்து ஏறிற்று. கட்டிய கைகள் மாறவில்லை.

ஆகவே, அந்தப் பெரியவர் சொன்னது உண்மை. அவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். கேள்வி கேட்ட இளைஞர் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பதைக் கண்டு மகிழ்கிறேன்.

இன்னும் ஒரு செய்தி. 1995 முதல் பென்ஸ் கார்கள் புனேயில் கட்டப்படுகின்றன. லாரிகளோ 2012 முதல் சென்னையை அடுத்த ஒரகடத்தில் உருவாகின்றன. அவற்றுக்குப் பாரத்பென்ஸ் என்று பெயர். அவற்றின் முகப்பில் விண்மீன் இல்லை. பெயரில் பென்ஸ் உண்டு. பாடன் ரயில்வேயில் கூரையில்லா எஞ்சினில் நின்ற டிரைவரின் குடும்பப் பெயர் அது. நெடுஞ்சாலையும் நம் இருப்புப்பாதையும் அருகருகே செல்லும் இடங்களில், ஊருக்குப் போகும்போது, ஜன்னலோரம் அமர்ந்தால் நீங்கள் அதைப் படிக்கலாம்.